கல்யாணத்துக்கு முந்தின நாள்

கம்போடியக் கிராமத்துக் கல்யாணத்துக்கு இரண்டு விதமாகப் போகலாம். அழைப்பிதழோடு வந்த உறையில் பணத்தை வைத்துக்கொண்டு மாலை விருந்துக்குப் போய், பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவது ஒன்று. முந்தின நாள் காலையிலேயே பெண் வீட்டுக்குப் போய், வீட்டுக்கடியில் விரித்த பாயில் உட்கார்ந்து எலுமிச்சைப்புல் நறுக்குவது இன்னொன்று. முதல் வகைக்கு வழிகாட்டி தேவையில்லை. பின்னால் வரும் மொய்ப் பத்தியை மட்டும் படித்தால் போதும். இரண்டாவது வகைக்குத்தான் இந்த அத்தியாயம். புனோம் பென்னிலோ சியெம் ரீப்பிலோ வேலை பார்க்கும் தமிழருக்கு, கூட வேலை செய்பவர் வீட்டுக் கல்யாண அழைப்பு என்றைக்காவது வந்தே தீரும். வந்தால் ஒரு நாள் கூடுதலாக விடுப்புப் போடுங்கள் என்பதுதான் என் யோசனை.

எப்போது, எங்கே

கல்யாணப் பருவம் நவம்பரில் தொடங்கி மே வரைக்கும் போகும். மழைக்காலத்தில் பிக்குகள் விகாரையிலேயே தங்கியிருக்கும் வஸ்ஸா காலத்தில் கல்யாணம் பொதுவாக வைப்பதில்லை. பிச்சும் பென் என்னும் முன்னோர் வழிபாடு கழிந்து, வஸ்ஸாவும் முடிந்து, நெல் அறுவடையாகத் தொடங்கும்போது பந்தல்கள் முளைக்கின்றன. கையில் காசும் வீட்டில் புது அரிசியும் உடம்புக்கு ஓய்வும் ஒரே சமயத்தில் கிடைப்பது அப்போதுதான்.

கல்யாணம் பெண் வீட்டில் நடக்கும். முன்பெல்லாம் மூன்று நாள். இப்போது பெரும்பாலும் ஒன்றரை நாளில் முடித்துவிடுகிறார்கள். பந்தலை ரோங் கா என்பார்கள். வீட்டுக்கு முன்னால் இடம் போதாவிட்டால் சாலையிலேயே பாதியை மறித்துப் போட்டுவிடுவார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பந்தல் வாசலில் குலை தள்ளிய வாழை இரண்டைக் கட்டியிருப்பதால் நம்மவர்கள் வழி கேட்கவே வேண்டாம். ஒலிபெருக்கி வேறு விடிவதற்கு முன்பே பாட ஆரம்பித்துவிடும்.

ஆனால் நீங்கள் போகவேண்டியது வாசலுக்கல்ல, வீட்டின் பின்பக்கம். கிராமத்து வீடுகள் தூண்மேல் நிற்பவை. அடியில் இருக்கும் நிழல்தான் காய் நறுக்குமிடம், இலை துடைக்குமிடம், குழந்தைகள் தூங்குமிடம். அதற்கு அப்பால், காற்றுப் போகும் பக்கமாகத் தள்ளி, அடுப்புகள். செங்கல்லையோ கல்லையோ மூன்றாகக் கூட்டியவை, மண்ணில் நீளமாக வெட்டிய கோட்டை அடுப்புகள், சில இடங்களில் எரிவாயு உருளையோடு இரும்பு அடுப்புகள். தகரக்கூரை போட்டிருந்தால் அதிர்ஷ்டம்.

காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பத்து மணிக்குமேல் போனால் உட்கார இடமிருக்கும், வேலை இருக்காது. மத்தியானத்துக்கு மேல் பிக்குகள் வந்து ஓதுவார்கள். அப்போது சமையல் கொட்டகையிலும் குரல் தாழ்ந்துவிடும்.

யார் கணக்கு வைப்பது

நடவுக்கும் அறுவடைக்கும் ஒருவர் வயலில் இன்னொருவர் இறங்குவது, பிறகு அவர் வயலில் இவர் இறங்குவது என்ற மாற்றாள் வழக்கம் கெமர் கிராமங்களில் உண்டு. ப்ரவாஸ் டை என்று பெயர். கல்யாணச் சமையலும் அதே கணக்கில்தான் ஓடுகிறது. பந்தல் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் உறைப்பணத்தைப் பெயர் வாரியாக நோட்டில் எழுதிக்கொள்கிறார். கொட்டகையில் யாரும் எழுதுவதில்லை. ஆனாலும் எந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், யார் விறகு பிளந்தார்கள், யார் சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் தலை காட்டினார்கள் என்பது பெண்ணின் அம்மாவுக்கு மனப்பாடமாக இருக்கும். அடுத்த மாதம் அந்த வீடுகளில் விசேஷம் என்றால் அவர் போய் நிற்பார்.

இதனால் உங்களுக்கு ஒரு சௌகரியம். வெளியூர்க்காரர், வெளிநாட்டுக்காரர் என்றாலும் கத்தியைக் கையில் எடுத்துவிட்டால் உங்களுக்கும் அந்தக் கணக்கில் ஒரு இடம் வந்துவிடுகிறது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டில் உங்களை விருந்தாளிப் பக்கம் உட்கார வைக்கமாட்டார்கள், பாயில் தங்களோடு உட்கார வைப்பார்கள். அதைவிடப் பெரிய மரியாதை அங்கே இல்லை.

தலைமைச் சமையல்காரரை சொங் பௌ என்பார்கள். ஆணாகவும் இருப்பார், பெண்ணாகவும் இருப்பார். கொட்டகைக்குள் அவர் சொல்தான் எடுபடும். வீட்டுக்காரருக்கே அங்கே அதிகாரம் குறைவு. போனதும் முதலில் வீட்டுப் பெரியவர்களைக் கைகூப்பி வணங்கிவிட்டு நேரே அவரிடம் போங்கள். ‘க்ஞொம் ஜுவய்’ என்றால் ‘நான் உதவி செய்கிறேன்’. உச்சரிப்பு எப்படி இருந்தாலும் புரிந்துகொள்வார்கள், சிரிப்பார்கள், கையில் ஏதாவது கொடுப்பார்கள்.

பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். உங்களைவிடச் சற்று மூத்தவர் ஆணோ பெண்ணோ போங். இளையவர் ஊன். அம்மாவைவிட இளையவளாகத் தெரியும் பெண் மிங், அதே வயது ஆண் பூ. அம்மா அப்பாவைவிட மூத்தவர் ஓம். பாட்டி யேய், தாத்தா தா. அக்கா, சித்தி, பெரியப்பா என்று அறிமுகமில்லாதவரையும் கூப்பிட்டுப் பழகிய நமக்கு இதில் கஷ்டமே இல்லை. முறை தெரியாமல் விழிப்பது மேற்கத்தியர்தான்.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய சட்டை, முழங்காலுக்குக் கீழே வரும் சரோங்கோ காற்சட்டையோ போதும். முழு வெள்ளை வேண்டாம், அது துக்கத்துக்கான நிறம். ஒரு க்ரமா வாங்கிக்கொள்ளுங்கள். கட்டம்போட்ட இந்தப் பருத்தித் துண்டு தலைக்குக் கட்ட, வியர்வை துடைக்க, இடுப்பில் சுற்ற, சூடான சட்டியைப் பிடிக்க, குழந்தைக்குத் தூளி கட்ட என்று எல்லாவற்றுக்கும் ஆகும். 2024-ல் யுனெஸ்கோ இதைக் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. சட்டி பிடிப்பவர்களுக்கு அதெல்லாம் தெரிந்திருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. காலணியைப் பாய்க்கு வெளியே விடுங்கள். பலகையையும் பாத்திரத்தையும் தாண்டிப் போகாதீர்கள், சுற்றிப் போங்கள்.

இடிக்கும் வேலை

புதிதாக வருகிறவருக்கு முதலில் கிடைப்பது எலுமிச்சைப்புல்தான். கெமர் சமையலின் அடிப்படை மசாலா க்ருவங்: எலுமிச்சைப்புல், பேரரத்தை, மஞ்சள்கிழங்கு, பூண்டு, சின்ன வெங்காயம், சுருக்கத் தோல் எலுமிச்சையின் இலை. கல்யாணத்துக்குக் கிலோக்கணக்கில் வேண்டும்.

புல்லின் அடித்தண்டை மட்டும் எடுத்து, முரட்டு வெளித்தோலை உரித்துவிட்டுக் குறுக்காக நறுக்கவேண்டும். காகிதத் தடிமனுக்கு. இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். தடியாக நறுக்கினால் நார் நீளமாக நின்றுவிடும், பிறகு எவ்வளவு இடித்தாலும் குழம்பில் தும்பு தும்பாக மிதக்கும், சாப்பிடுகிறவர் பல்லிடுக்கில் மாட்டும். சொங் பௌ வந்து உங்கள் குவியலில் ஒரு பிடி அள்ளி விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போவார். ஒன்றும் சொல்லாமல் போனால் பாஸ்.

எலுமிச்சை இலையின் நடுநரம்பைக் கிழித்தெடுங்கள், கசக்கும். மஞ்சளை உரிக்கும்போது கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரத்துக்கு விரல் மஞ்சளாகவே இருக்கும்.

உரலில் போடும் வரிசை முக்கியம்: கடினமானது முதலில். புல்லும் இலையும் ஒரு சிட்டிகை உப்போடு. அவை மசிந்தபின் அரத்தை, மஞ்சள். ஈரமுள்ள பூண்டும் வெங்காயமும் கடைசி. முதலிலேயே வெங்காயத்தைப் போட்டால் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும், எதுவும் மசியாது. காரிக் குழம்புக்கு வேண்டிய சிவப்பு க்ருவங்கிற்குக் காய்ந்த மிளகாயை விதை நீக்கி ஊறவைத்துச் சேர்ப்பார்கள். காரத்துக்கு அல்ல, நிறத்துக்கு. நம் நாக்குக்கு அது மிளகாய்க் குழம்பே இல்லை.

இப்போது பல ஊர்களில் பாதியை மிக்ஸியில் அரைத்துவிடுகிறார்கள். அரைத்ததில் தண்ணீர் விட வேண்டியிருக்கிறது, வதக்கும்போது அது வற்ற நேரமாகிறது, வாசனையும் ஒரு படி குறைவு. இருந்தாலும் 200 பேருக்கு உரலில் இடிக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த எனக்கு மனம் வராது. அரைத்தவுடன் எண்ணெயில் உப்போடு வதக்கி ஆறவைத்து மூடிவிட்டால் மறுநாள்வரை நிற்கும். தேங்காய்ப்பால் மட்டும் அன்றன்றைக்குப் பிழியவேண்டும்.

அன்ஸாம்

அன்றைய நாளின் பெரிய வேலை இதுதான்: ஒட்டரிசியை வாழையிலையில் உருளையாகக் கட்டி வேகவைப்பது. மாலை விருந்தை முழுக்க ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுகிற வீட்டில்கூட அன்ஸாமைப் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார் கைதான் கட்டுகிறது.

ஒட்டரிசியை முந்தின இரவே ஊறப்போட்டு, காலையில் வடித்து முறத்தில் பரப்பியிருப்பார்கள். பன்றி அன்ஸாமுக்குத் தோல் நீக்கிய பயறும், கொழுப்போடு நீளவாக்கில் நறுக்கி உப்பும் மிளகும் பிசறிய இறைச்சியும். வாழைப்பழ அன்ஸாமுக்கு அரிசியில் தேங்காய்த் துருவலும் கொஞ்சம் கறுப்புக் காராமணியும் கலந்து, நடுவில் முழுப் பழம். ஒரு கிலோ அரிசிக்கு ஐந்தாறு பெரிய உருளை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இலையை வெயிலில் வாட்டியோ தீயில் காட்டியோ துவளச் செய்து, ஈரத்துணியால் இரு பக்கமும் துடைக்கவேண்டும். இது குழந்தைகள் வேலை; தெரியாதவர்களும் இதில் தொடங்கலாம். இரண்டு அடுக்கு இலை. மேல் இலையின் நரம்பு கீழ் இலையின் நரம்புக்குக் குறுக்காக ஓடவேண்டும், இல்லையென்றால் கிழிசல் ஒரே கோடாகப் போய்விடும். அரிசி ஒரு கை பரப்பி, அதன்மேல் பயறு, நடுவில் இறைச்சி, மேலே மறுபடி பயறு, மறுபடி அரிசி. இலையின் இரு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து மடித்துக்கொண்டே உருட்டினால் உருளை வரும். ஒரு முனையை மடித்துத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, மேலே திறந்திருக்கும் முனையைத் தட்டித் தட்டி அரிசியை இறக்கி, அதையும் மடிக்கவேண்டும்.

கட்டுவதில்தான் கை பேசும். மூங்கில் பட்டையோ நாரோ இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கயிறோ, நாலு விரல் இடைவெளிக்கு ஒரு சுற்று. தளர்வாக இருந்தால் தண்ணீர் புகுந்து கூழாகிவிடும். ரொம்ப இறுக்கினால் அரிசி உப்ப இடமில்லாமல் நடுவில் வேகாமல் நிற்கும், அல்லது இலை வெடிக்கும். பழகிய யேய் ஒருவர் கட்டி முடித்ததும் உருளையைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். விரல் லேசாக உள்ளே போய்த் திரும்பி வரவேண்டும். நீங்கள் கட்டியதை வாங்கி அவர் மறுபடி அவிழ்த்துக் கட்டினால் வருத்தப்படாதீர்கள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். பத்தாவது உருளையில் பிடிபட்டுவிடும்.

பன்றிக்கும் பழத்துக்கும் வெளியில் வித்தியாசம் தெரியாது. அதனால் கயிற்றின் நிறத்தையோ முடிச்சையோ மாற்றிக் கட்டுவார்கள். எது எதற்கு என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அண்டாவின் அடியில் வாழைமட்டை பரப்பி, உருளைகளை நெருக்கி அடுக்கி, மூழ்கத் தண்ணீர் விட்டு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். சின்ன உருளை நாலு மணியில் வெந்துவிடும். தண்ணீர் குறையக் குறையச் சுடுதண்ணீர் விடவேண்டும்; பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி அடங்கி, வேக்காடு ஒன்றுபோல் இராது. ஆகவே பக்கத்து அடுப்பில் எப்போதும் ஒரு பானை கொதித்துக்கொண்டே இருக்கும். இரவெல்லாம் முறை வைத்து இதைக் காப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள், சீட்டுக்கட்டோடு. அந்த முறைக்கு உங்கள் பெயரையும் கொடுக்கலாம், தூக்கம் முக்கியமில்லை என்றால். ஒலிபெருக்கி இருக்கும்வரை தூங்கப்போவதும் இல்லை.

இதற்கு ஜோடியாக நும் கோம் என்று ஒன்று உண்டு. ஒட்டரிசி மாவுக்குள் தேங்காயும் பனைவெல்லமும் எள்ளும் வைத்துக் கூம்பாக மடித்து அவிப்பது. பூரணத்தில் நம் கொழுக்கட்டையேதான். உருளை அன்ஸாம் சிவனையும் கூம்பு நும் கோம் உமையையும் குறிக்கும் என்று சொல்வதுண்டு. அதனால் கல்யாணத்துக்கு இரண்டும் வேண்டும். வெல்லம் கொம்பொங் ஸ்பியூ மாகாணத்துடையது என்றால் வீட்டுக்காரர் பெருமையோடு சொல்வார். 2010-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. பனை அவர்களுக்கு 2005 முதல் அரசாணைப்படி தேசிய மரம். நமக்கும் மாநில மரம் என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு அரை மணி நேரத்துக்கு ஓடும்.

அளவுகள்

விருந்தை மேசைக் கணக்கில்தான் பேசுவார்கள். வட்ட மேசை ஒன்றுக்குப் பத்து பேர். சோற்றுக்கு ஒரு மேசைக்கு ஒன்றேகால் கிலோ அரிசி. வேலை செய்பவர்கள் சாப்பாட்டுக்கு அதைவிடக் கூட. அறுவடை முடிந்த கையோடு கல்யாணம் என்றால் ப்கா ரம்துல் போன்ற மணமுள்ள புது அரிசியாக இருக்கும். புது அரிசிக்குத் தண்ணீர் குறைத்து வைக்கவேண்டும் என்பது நம் வீட்டில் தெரிந்ததுதான். பெரிய சட்டியில் தண்ணீர் இழுத்ததும் விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் விடுவார்கள். அந்த நேரத்தில் மூடியைத் திறந்து பார்க்காதீர்கள்.

காரிக் குழம்பு, அதாவது ஸம்லா காரி, 100 பேருக்கு: கோழி எலும்போடு 20 கிலோ, தேங்காய் 20 முதல் 25, சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆறேழு கிலோ, சிவப்பு க்ருவங் இரண்டரை கிலோ. முதல் பாலைத் தனியே வைத்துக்கொண்டு அதில் ஒரு பங்கை எண்ணெய் பிரியக் காய்ச்சி, க்ருவங்கை அதில் வதக்கி, இரண்டாம் பாலில் கோழியை வேகவிட்டு, கிழங்கை இடையில் போட்டு, மீதி முதல் பாலைக் கடைசியில் விட்டு இறக்குவார்கள். ரொட்டியோடோ அரிசி நூடுல்ஸோடோ சாப்பிடுவது.

அந்த நூடுல்ஸ் நும் பஞ்சோக். அரிசியை ஊறவைத்து அரைத்து, துணியில் கட்டிக் கல் வைத்து நீர் வடித்து, இடித்துப் பிசைந்து, கண் வைத்த குழலில் அழுத்திக் கொதிநீரில் பிழிவது. சியெம் ரீப் பக்கத்து ப்ரெஆ டாக் கிராமம் இதற்கே பேர்போனது. இப்போது அநேகமாகப் பிழிகிறவர் வீட்டில் சொல்லிவைத்து வாங்கிவிடுகிறார்கள். அன்று காலை பிழிந்ததை அன்றே தீர்க்கவேண்டும், இரவு தங்காது. இதற்கு ஊற்றும் பச்சைநிற மீன் குழம்பில் ப்ராஹொக் போடுவார்கள். உப்பில் புளிக்கவைத்த மீன் விழுது அது, வாடை கனமாக இருக்கும். மூக்கைப் பொத்தாதீர்கள். ஒருவேளை பொத்தினாலும் யாரும் திட்டமாட்டார்கள், ஆனால் அடுத்த மூன்று கல்யாணத்துக்கு அந்தக் கதை ஓடும்.

விடியற்காலைக் கஞ்சி பாபோர். மாப்பிள்ளை வீட்டார் பழத் தட்டுகளை ஜோடி ஜோடியாகத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக வருவது ஆறரை, ஏழு மணிக்கு. அதற்குமுன் கஞ்சி தயாராகிவிட வேண்டும். ஒரு கிலோ அரிசிக்குப் பத்து, பன்னிரண்டு லிட்டர் தண்ணீர், ஏறக்குறைய முப்பது கிண்ணம்.

முன்னோருக்குப் படைப்பதற்கென்று எல்லாவற்றிலும் முதலில் ஒரு பங்கை எடுத்து வைப்பார்கள். சடங்கை நடத்தும் ஆச்சார் அதை வைத்துத்தான் இறந்தவர்களை அழைப்பார். அந்தத் தட்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள், உப்புப் பார்க்கவும் கூடாது.

கெடாமல் இருக்க

கிராமத்துக் கொட்டகையில் குளிர்பெட்டி இல்லை, பனிக்கட்டி உண்டு. குடிக்கிற பனிக்கட்டியும் இறைச்சி வைத்த பனிக்கட்டியும் ஒரே பெட்டியில் இருந்தால் உங்கள் குவளைக்குப் பனிக்கட்டி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நறுக்கும் பலகை இரண்டாக இருக்கிறதா என்று பாருங்கள்: பச்சை இறைச்சிக்கு ஒன்று, சாலட் காய்க்கு ஒன்று. பச்சைப் பப்பாளியும் வாழைப்பூவும் வேகாமல் சாப்பிடுவதால் அந்தப் பலகைதான் ஆபத்து. இல்லையென்றால் சந்தையில் ஒரு மரப்பலகை வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள். உதவியும் ஆகும், உபதேசமும் ஆகாது.

சமைத்ததைக் கொதிக்கக் கொதிக்க வைத்திருங்கள், அல்லது ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். 35 டிகிரி வெயிலில் தேங்காய்ப்பால் குழம்பு சொல்லிக்கொள்ளாமல் திரும்பிவிடும்.

கோழி விஷயத்தில் கறாராக இருக்கவேண்டும். 2023 முதல் கம்போடியக் கிராமங்களில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் மனிதர்களுக்கு மறுபடி வரத் தொடங்கியிருக்கிறது. நோயில் விழுந்த, செத்துப்போன வீட்டுக் கோழியைத் தொட்டவர்களும் உரித்தவர்களும் சமைத்தவர்களும்தான் அதில் அதிகம். கல்யாணத்துக்கென்று வளர்த்த கோழி இரண்டு நாள் முன்பு சுணங்கினால் அறுத்துவிடலாம் என்று எந்த ஊர் வீட்டுக்காரருக்கும் தோன்றும். அந்தக் கோழியை உரிக்க உட்காராதீர்கள், குழந்தைகளையும் பக்கத்தில் விடாதீர்கள்.

குடிதண்ணீருக்கு 20 லிட்டர் குடுவை. கண்டால் போன்ற மேகாங் கரை மாகாணங்களில் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஆர்சனிக் உண்டு. காய்ச்சினால் அது போகாது. வீட்டோரம் பெரிய ஜாடிகளில் பிடித்து வைத்திருக்கும் மழைத்தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது அதைவிட மேல். ஊர்க் காய்ச்சல் அரிசிச் சாராயத்தை யார் நீட்டினாலும் உதட்டில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். மெத்தனால் கலந்து கிராமங்களில் ஆட்கள் செத்த செய்தி அடிக்கடி வருகிறது. பீர் இருக்கிறதே என்றால் யாரும் வற்புறுத்தமாட்டார்கள்.

கேட்கக்கூடாத ஒன்று

வெற்றிலை போட்டுக்கொண்டு இலை துடைத்துக்கொண்டிருக்கும் யேயிடம், ‘உங்கள் கல்யாணத்துக்கு என்ன சமைத்தார்கள்?’ என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை கெமர் ரூஜ் ஆட்சியில் வீட்டில் உலை வைப்பது தடையானது. பானை சட்டிகளைப் பறித்துக்கொண்டு எல்லோருக்கும் பொதுக் கூடத்தில் கஞ்சி ஊற்றினார்கள். கல்யாணமும் ஆட்சியே செய்துவைத்தது. அம்மா அப்பா இல்லாமல், பிக்குவும் ஆச்சாரும் இல்லாமல், முன்பின் தெரியாத இருவரை, பல ஜோடிகளோடு வரிசையில் நிறுத்திக் கைபிடிக்கவைத்தார்கள். விருந்து கிடையாது. இந்தக் கட்டாயக் கல்யாணங்களை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று 2018 நவம்பரில் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தலைமுறைப் பெண்கள்தான் இன்று கொட்டகையின் பாட்டிமார். ஊர் கூடிச் சமைப்பது அவர்களுக்கு நமக்குத் தெரிவதுபோல வெறும் கலகலப்பாக மட்டும் இருக்க நியாயமில்லை. பேத்தி கல்யாணத்துக்கு அண்டா அண்டாவாக ஏன் இவ்வளவு என்று கேட்கிற நகரத்துப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை. அவர்களாகப் பேசினால் கேளுங்கள். கை நிற்கவேண்டாம், இலையைத் துடைத்துக்கொண்டே கேளுங்கள்.

சைவர்களுக்கு

‘ஞாம் புவஸ்’ என்றால் சைவம் சாப்பிடுகிறேன் என்று அர்த்தம், புரிந்துகொள்வார்கள். ஆனால் அவர்கள் கணக்கில் மீன்சாறு பல சமயம் உப்பு மாதிரி, அது அசைவத்தில் சேராது. வெறும் சோறு, பழம், நும் கோம் ஆகியவற்றை நம்பலாம். வாழைப்பழ அன்ஸாம் தானே என்று எடுக்காதீர்கள். பன்றி அன்ஸாமோடு ஒரே அண்டாவில்தான் பெரும்பாலும் கொதித்திருக்கும். கண்டிப்பான சைவர் கையோடு ஏதாவது கொண்டுபோய்விடுவது நல்லது. பன்றி அறுப்பது விடியலுக்கு முன். பார்க்க முடியாதவர்கள் அந்த நேரத்தில் வீட்டின் முன்பக்கம் இருந்துகொள்ளலாம், தவறாக நினைக்கமாட்டார்கள்.

மொய்யும் திரும்பலும்

சமையலில் கைகொடுத்தாலும் உறையை மறக்கக்கூடாது. அது வேறு கணக்கு. கிராமத்தில் பொதுவாக 10 முதல் 20 டாலர் வைக்கிறார்கள், நகரத்தில் அதற்கு மேல். ரியெலாகவும் வைக்கலாம், ஏறக்குறைய 4,000 ரியெல் ஒரு டாலர். அழைப்பிதழோடு வந்த உறையில் உங்கள் பெயரைத் தெளிவாக எழுதி வாசல் மேசையில் கொடுங்கள். வீட்டார் கையில் நேரே திணிக்காதீர்கள். பெரிய தொகை வைப்பது பெருமை என்று நினைக்கவேண்டாம். அதைத் திருப்பிச் செய்யவேண்டுமே என்ற கவலையை அவர்கள் தலையில் ஏற்றுவதாகிவிடும்.

கிளம்பும்போது கையில் இரண்டு அன்ஸாமைக் கொடுப்பார்கள். ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லலாம், இரண்டாம் தடவை வாங்கிக்கொள்ளவேண்டும். கட்டை அவிழ்க்காமல் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் மறுநாள்வரை நன்றாக இருக்கும். மறுநாள் கயிற்றாலேயே வில்லை வில்லையாக அறுத்து, கொஞ்சம் எண்ணெயில் இரு பக்கமும் சிவக்கப் பொரித்தால் முதல் நாளைவிட ருசி. புளித்த வாடை வந்துவிட்டால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.